ஆறாம் வகுப்புத் தொடக்கத்தில் பள்ளி – வீடு தொடர்பு: சுற்றறிக்கைத் தமிழில் வினைமுதல்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டில் தொடக்கப்பள்ளிப் படிப்பை முடித்து ஆறாம் வகுப்பில் சேரும் குழந்தைகளுள் பலர் பள்ளி, ஆசிரியர், மதிப்பீட்டு முறை ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் புதிதாக எதிர்கொள்கின்றனர். இக்காலத்தில் பள்ளி தன் எதிர்பார்ப்புகளை வீட்டுக்குத் தெரிவிக்கும் முதன்மை வாயில்களாகச் சுற்றறிக்கையும் நாட்குறிப்பேடும் விளங்குகின்றன. இவ்வாயில்களில் வழங்கும் தமிழ், செயலைச் சொல்லிச் செய்பவரைச் சொல்லாமல் விடும் இயல்புடையது. வேண்டும், கூடாது, செய்யவும், செய்யப்படும் என்னும் வாய்பாடுகள் அவ்வியல்புக்கு எவ்வாறு இடந்தருகின்றன, அதனால் பெற்றோருக்கும் பள்ளிக்கும் நேரும் இழப்பு யாது, வினைமுதலை வெளிப்படுத்தி எழுதும் கடிதம் எவ்வாறு அமையலாம் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஆறாம் வகுப்பு, சுற்றறிக்கை, வினைமுதல், தோன்றா எழுவாய், வியங்கோள், விடுப்பு விண்ணப்பம், பெற்றோர், கல்வி உரிமைச் சட்டம்.

முன்னுரை

கல்வியாண்டின் முதல் வாரத்தில் ஆறாம் வகுப்புக் குழந்தை வீட்டுக்குக் கொண்டுவரும் பொருள்களுள் புதுப் பாடநூல்களுக்கு அடுத்த நிலையில் இருப்பது ஒரு தாள். பள்ளி தொடங்கும் நேரம், சீருடை, வருகை, வீட்டுப்பாடம், நடத்தை ஆகியன பற்றிய விதிகள் அதில் இருக்கும். சில பள்ளிகளில் அது நாட்குறிப்பேட்டின் முதற்பக்கமாக அச்சாகியிருக்கும். அடியில் ‘பெற்றோர் கையொப்பம்’ என்று ஓர் இடம் விடப்பட்டிருக்கும். கையொப்பமோ கைந்நாட்டோ பெற்றுத் தாள் திரும்பியவுடன் அத்தொடர்பு நிறைவுற்றதாகக் கொள்ளப்படுகிறது.

அத்தாளிலுள்ள தொடர்களைப் பெற்றோர் எவ்வாறு பொருள்கொள்கின்றனர் என்பது கல்வியியல் வினாவாகவே இதுவரை பெரிதும் நோக்கப்பட்டுள்ளது. அது மொழி சார்ந்த வினாவும் ஆகும். ஒரு கடமையை யார் மீது சுமத்துகிறோம் என்பதைத் தமிழ்த் தொடரமைப்பு எளிதில் வெளிப்படுத்தவும் செய்யும். எளிதில் மறைக்கவும் செய்யும். இவ்விரு வாய்ப்புகளுள் சுற்றறிக்கைத் தமிழ் எதைத் தேர்கிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது. கட்டுரையில் எடுத்தாளப்படும் சுற்றறிக்கைத் தொடர்கள் வழக்கிலுள்ள வாய்பாடுகளைக் காட்டும்பொருட்டு அமைக்கப்பட்ட மாதிரிகளாகும். குறிப்பிட்ட எந்தப் பள்ளியின் ஆவணத்திலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல.

ஆறாம் வகுப்பு என்னும் வாயில்

தமிழ்நாட்டுப் பள்ளி அமைப்பில் தொடக்கப்பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. நடுநிலைப்பள்ளி எட்டாம் வகுப்பு வரை செல்கிறது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் பெரும்பாலும் ஆறாம் வகுப்பில் தொடங்குகின்றன. எனவே ஊரிலுள்ள தொடக்கப்பள்ளியில் படித்த குழந்தை ஆறாம் வகுப்பிற்கு வேறொரு பள்ளியைத் தேடிச் செல்ல நேர்கிறது. அதுவரை நடந்து சென்ற குழந்தை பேருந்தில் செல்லத் தொடங்குகிறது. எல்லாப் பாடங்களையும் ஓராசிரியரே கற்பித்த நிலை மாறி, தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் ஆகியவற்றுக்குத் தனித்தனி ஆசிரியர்கள் வருகின்றனர். தொடக்கப்பள்ளி ஆசிரியரைக் கடைத்தெருவில் கண்டு பேசிவந்த தாய்க்கு, புதிய பள்ளியில் எவரிடம் பேசுவது என்பதே தெளிவாவதில்லை.

மதிப்பீட்டு முறையும் பெற்றோருக்கு எளிதில் விளங்குவதாக இல்லை. தமிழ்நாட்டில் 2012-13 ஆம் கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் நடைமுறைக்கு வந்தன. இம்முறையில் ஒரு பருவத்தின் 100 மதிப்பெண்களுள் 40 வளரறி மதிப்பீட்டுக்கும் 60 தொகுத்தறி மதிப்பீட்டுக்கும் ஒதுக்கப்பட்டன. வளரறி மதிப்பீட்டில் குழந்தை செய்யும் செயல்பாடுகளும் அடங்கும். ‘செயல்திட்டம் கொண்டுவர வேண்டும்’ என்ற ஒரு வரி வீட்டுக்கு வந்தால், பெற்றோர் அதை வாங்கித்தர வேண்டிய பொருளாகவே கருதுகின்றனர். ஒட்டுவதற்குப் படத்தாள், அட்டை, இணைய மையத்தில் அச்சிட்ட பக்கங்கள் எனக் கூலி நாளின் ஒரு பகுதி செலவாகிறது. குழந்தை தானே செய்து கற்க வேண்டிய செயல், கடையில் வாங்கப்பட்ட பொருளாகப் பள்ளிக்குத் திரும்புகிறது.

ஆறாம் வகுப்பில் எடுக்கும் முடிவு பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின்னும் தொடர்வது மற்றொரு காரணமாகும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடங்களை முன்னுரிமையாக வழங்கும் சட்டம் 2020இல் இயற்றப்பட்டது. 2021இல் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது. உயர்கல்வி பயிலும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022இலும், மாணவர்க்கு அதே தொகையை வழங்கும் தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கின. இவற்றின் தகுதி விதிகள் ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான பள்ளிப் படிப்பைக் கணக்கில் கொள்கின்றன. பதினொரு வயதுக் குழந்தையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, இடையில் எங்கு மாற்றுவது என்று முடிவெடுக்கும் குடும்பத்திற்கு இச்செய்தி அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். ஏழாண்டுகள் கழித்துக் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும்போது தெரியவந்தால் அதனால் பயனில்லை.

சட்டம் வகுத்த கடமைகள்

குழந்தைகளுக்கான இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009 கடமைகளை அவரவர்க்கு உரியனவாகப் பிரித்து வைத்துள்ளது. குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் அல்லது பாதுகாவலரின் கடமை எனப் பிரிவு 10 கூறுகிறது. பிரிவு 24 ஆசிரியரின் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. ஒழுங்காகவும் நேரந்தவறாமலும் பள்ளிக்கு வருதல், பாடத்திட்டத்தை உரிய காலத்தில் முடித்தல், ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் அறிந்து தேவைப்படின் கூடுதலாகக் கற்பித்தல் ஆகியவற்றோடு, பெற்றோரை ஒழுங்காகச் சந்தித்துக் குழந்தையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியன பற்றித் தெரிவித்தலும் அவ்வரிசையில் இடம்பெறுகிறது. உடல்சார்ந்த தண்டனையையும் மன உளைச்சல் தருதலையும் பிரிவு 17 தடைசெய்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது எனப் பிரிவு 5 கூறுகிறது.

பள்ளி மேலாண்மைக் குழுவைப் பிரிவு 21 அமைக்கிறது. அதன் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டு ‘நம் பள்ளி நம் பெருமை’ என்னும் பெயரில் இக்குழுக்கள் மறுகட்டமைக்கப்பட்டன.

இச்சட்டப் பிரிவுகளில் ஒவ்வொரு கடமைக்கும் எழுவாய் உண்டு. ஆசிரியர் இன்னது செய்ய வேண்டும், பெற்றோர் இன்னது செய்ய வேண்டும், அரசு இன்னது செய்ய வேண்டும் என்றே அவை அமைந்துள்ளன. இவ்வெழுவாய்கள் பள்ளிச் சுற்றறிக்கைக்கு வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் உதிர்ந்துவிடுகின்றன. பெற்றோர் கடமைகள் மட்டும் எஞ்சுகின்றன; பள்ளி ஏற்ற கடமைகள் தாளில் இடம்பெறுவதில்லை.

மரபில் எதிர்பார்ப்புகளின் மொழி

கற்பிப்போர், கற்போர் ஆகியோரிடம் எதிர்பார்க்கப்படுவனவற்றை வெளிப்படையாக எழுதிவைக்கும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியர் இயல்பையும் மாணாக்கர் இயல்பையும் உவமைகளால் வரையறுக்கிறது. நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியன உவமையாகின்றன. மாணாக்கர் தலை, இடை, கடை என வகுக்கப்பட்டு, அன்னம், பசு முதலாக நெய்யரி ஈறாக உவமிக்கப்படுகின்றனர். நூலாசிரியர் மாணாக்கரிடம் எதிர்பார்ப்பதற்கு முன்னரே ஆசிரியரிடம் எதிர்பார்ப்பதைக் கூறிவிடுகிறார் என்பதும், ஆசிரியர் ஆகத் தகாதவரின் இயல்பையும் தனியே சுட்டுகிறார் என்பதும் கருதத்தக்கன. ஆயினும் அங்குப் பெற்றோர் இல்லை. குருவை நாடிச் சென்றபின் மாணவன் ஆசிரியரின் பொறுப்பில் இருந்த கல்வி முறையில் அதற்குத் தேவையும் இருந்திராது.

புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார் தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் ஆகிய ஐவர்க்கும் உரிய கடனைத் தனித்தனியே பிரித்துரைக்கிறார். போர்ச் சூழலில் எழுந்த பாடல் அது. அதன் விழுமியத்தை இன்றைய வகுப்பறைக்கு அப்படியே பொருத்த இயலாது. கடனைச் சொல்லும் முறை மட்டும் இங்கு நோக்கத்தக்கது. ஓர் இளைஞனின் உருவாக்கத்தில் பங்குபெறும் ஒவ்வொருவரும் அதில் பெயர் சுட்டப்பெறுகின்றனர். எவர் கடனும் பிறர் மேல் ஏறுவதில்லை.

இருபதாம் நூற்றாண்டில் பள்ளிக்கும் ஊருக்கும் இடையே வேறுவகை உறவு உருவாயிற்று. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலுவின் முயற்சியால் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. ஊர்மக்கள் பள்ளிகளுக்குத் தேவையான பொருள்களையும் பணத்தையும் வழங்கினர். பள்ளியை ஊரின் உடைமையாக உணரச் செய்ததில் அவ்வியக்கத்தின் பங்கு பெரிது. அதன் வழியே பெற்றோர் புரவலராகப் பள்ளிக்குள் வந்தனர். தம் குழந்தையின் கற்றலைப் பற்றி ஆசிரியரோடு இணையாக அமர்ந்து பேசுபவராக அவர்கள் வருவதற்கான மொழி பின்னரே தேவைப்பட்டது. அது இன்னும் முழுமையாக உருவாகவில்லை.

சுற்றறிக்கைத் தொடர்களின் இலக்கணம்

பின்வரும் நான்கு மாதிரித் தொடர்களைக் காணலாம்.

(1) வீட்டுப்பாடங்கள் நாள்தோறும் கண்காணிக்கப்பட வேண்டும்.
(2) குறிப்பேட்டில் தவறாது கையொப்பமிடவும்.
(3) தாமதமாக வருவோர் வகுப்பிற்குள் அனுமதிக்கப்பட மாட்டார்கள்.
(4) விதிகளை மீறினால் கடும் நடவடிக்கை எடுக்கப்படும்.

தமிழில் எழுவாய் வெளிப்படையாக வராமல் தோன்றா எழுவாயாக நிற்பது இயல்பு. ‘வந்தேன்’ என்றால் நான் என்பதும், ‘வந்தீர்கள்’ என்றால் நீங்கள் என்பதும் வினைமுற்றின் விகுதியாலேயே விளங்கும். எழுவாய் மறைந்தாலும் விகுதி அதைக் காட்டிக்கொடுக்கிறது. இக்காப்பு எல்லா வினைகளுக்கும் இல்லை. நான் செய்ய வேண்டும், நீ செய்ய வேண்டும், அவர்கள் செய்ய வேண்டும் என எவ்விடத்திற்கும் ‘வேண்டும்’ மாறாது நிற்கிறது. வேண்டும், தகும், படும் போன்றவற்றை இருதிணை ஐம்பால் மூவிடங்களுக்கும் பொதுவாக வருவனவாகப் பிற்கால இலக்கண நூலார் கூறியது இதுபற்றியே. தற்கால வழக்கில் ‘கூடாது’ என்பதும் ‘செய்யவும்’ என்னும் வாய்பாடும் இத்தன்மையனவே. இவ்வினைகளோடு எழுவாயையும் நீக்கிவிட்டால் தொடரில் ஆள் எவரும் இருப்பதில்லை. சுற்றறிக்கைத் தமிழ் பெரிதும் விரும்பி எடுத்துக்கொள்ளும் வினைகள் இவையாகவே இருப்பது கவனத்திற்குரியது.

தொடர் (1) செயப்பாட்டு வினையில் அமைந்துள்ளது. செயப்பாட்டு வினையில் வினைமுதல் ‘ஆல்’ உருபு ஏற்று வரலாம். இங்கு அது தொக்கது. கண்காணிக்க வேண்டியவர் தந்தையா, தாயா, வகுப்பாசிரியரா? கணக்குப் பாடத்தைப் புரிந்துகொள்ள இயலாத தாய், கண்காணித்தல் என்றால் விடை சரியா என்று பார்த்தல் எனப் பொருள்கொண்டு, தன்னால் அது ஆகாது என ஒதுங்குகிறார். ஆசிரியர் எதிர்பார்த்தது, குழந்தை எழுதினானா என்று கேட்பதை மட்டுமாக இருக்கக்கூடும்.

தொடர் (2) குழந்தையின் கையிலுள்ள குறிப்பேட்டில் இருக்கிறது. அதை முதலில் படிப்பவர் குழந்தை; கையொப்பமிட வேண்டியவர் பெற்றோர். முன்னிலை யாரெனத் தொடர் கூறவில்லை. செய்யவும், வரவும் என்னும் இவ்வாய்பாடு பழைய வியங்கோளின் வடிவம் அன்று; ஆயினும் கட்டளையை நேரே முகத்துக்கு எதிரே சொல்லாமல் விலகி நின்று சொல்லும் பணியில் வியங்கோளுக்கு அது நெருக்கமானது. வியங்கோள் முன்னிலையோடும் தன்மையோடும் நிலைபெறாது எனத் தொல்காப்பியம் கூற, அது ஐம்பால் மூவிடங்களுக்கும் பொதுவாகும் என நன்னூல் விரிக்கிறது. எதிரில் இருப்பவரை நேரே விளித்து ஏவாத அந்த விலக்கத்தில் பணிவும் உண்டு, அயன்மையும் உண்டு. திருமண அழைப்பில் பணிவாக ஒலிப்பது, பள்ளித் தாளில் அலுவலகத்தின் அயன்மையாக ஒலிக்கிறது.

தொடர் (3), (4) ஆகியவற்றில் மறைக்கப்படுபவர் பள்ளியைச் சார்ந்தவர். அனுமதிக்காதவர் யார், நடவடிக்கை எடுப்பவர் யார் என்பது தெரியாதபோது, நேர்ந்ததை விளக்க விரும்பும் பெற்றோருக்கு அணுக வேண்டிய ஆளும் தெரியாமற்போகிறது. பேருந்து வராத ஒரு காலையில் வாயிலில் நிறுத்தப்பட்ட குழந்தையின் தந்தை, விதியோடு பேச இயலாது. மனிதரோடுதான் பேச இயலும். ‘நடவடிக்கை’ என்னும் சொல்லும் எல்லையற்றது. தண்டனைக்குச் சட்டம் இட்ட வரம்பு பெற்றோருக்குத் தெரியாதவிடத்து அச்சொல் அச்சத்தை மட்டுமே தருகிறது.

ஆளில்லாத் தொடருக்குப் பள்ளித் தரப்பில் நியாயமும் உண்டு. எவரையும் சுட்டாத விதி எல்லார்க்கும் பொதுவானதாகத் தோன்றுகிறது. அரசு அலுவலகக் கடிதங்களின் நடையே பள்ளிக்கும் பழகியது. இவற்றினும் முதன்மையான காரணம் ஒன்றுண்டு. ‘மாதத்தின் முதல் வெள்ளி மாலையில் பெற்றோரைச் சந்திப்பேன்’ என எழுதும் ஆசிரியர் அச்சொல்லுக்குக் கட்டுப்பட்டவர் ஆகிறார். கற்பித்தலோடு தேர்தல் பணி, இணையவழிப் பதிவுகள், நலத்திட்டப் பொருள் வழங்கல் எனப் பல சுமைகள் உள்ள ஆசிரியர், நிறைவேற்ற இயலுமா என ஐயுறுவதை எழுதத் தயங்குவது இயற்கை. வினைமுதலைச் சேர்த்தல் ஒரு சொல்லைச் சேர்க்கும் வேலையாக நின்றுவிடுவதில்லை. அது பொறுப்பை ஏற்றல் ஆகும். ஆதலால் பள்ளி தன்னால் இயலும் இரண்டு மூன்று கடமைகளை மட்டும் எழுதி, அவற்றைத் தவறாது செய்தல், இருபது விதிகளை ஆளின்றி எழுதுவதினும் பயனுடையது.

வீட்டிலிருந்து பள்ளிக்கு: விடுப்பு விண்ணப்பம்

பள்ளியிலிருந்து வீட்டுக்குச் செல்லும் எழுத்துகள் பல. வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் எழுத்து பெரும்பாலும் ஒன்றே. அது விடுப்பு விண்ணப்பம். அதையும் பல வீடுகளில் எழுதுவது குழந்தையே. பெற்றோர் கையொப்பம் மட்டும் இடுகின்றனர். வகுப்பில் கற்பித்த வாய்பாட்டின்படி அனுப்புநர், பெறுநர், பொருள் என அமைந்து, கீழ்ப்படிதலுள்ள மாணவர் என முடியும். காரணம் பெரும்பாலும் காய்ச்சலாக இருக்கும்.

இக்காய்ச்சல் ஆராயத்தக்கது. தாய் வேலைக்குச் சென்றதால் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்த சிறுமிக்கும், திருவிழாவுக்குச் சென்ற சிறுவனுக்கும், துவைத்த சீருடை காயாததால் வராதவனுக்கும், வகுப்பில் ஒருவன் அடிப்பான் என அஞ்சியவனுக்கும் விண்ணப்பத்தில் காய்ச்சலே காரணம். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான காலத்தில் பூப்பெய்தும் சிறுமியர் பல நாள்கள் பள்ளிக்கு வராதிருக்க நேர்கிறது. அதைச் சொல்லவும் அவ்வாய்பாட்டில் சொல் இல்லை. செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ குடும்பத்தோடு இடம்பெயரும் குழந்தை விண்ணப்பமே தராமல் நின்றுவிடுகிறது. உண்மையான காரணம் தெரிந்திருந்தால் பள்ளி செய்யக்கூடியது ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு. எல்லாம் காய்ச்சலாக வரும்போது வருகைப் பதிவேட்டில் ஒரு குறி மட்டும் எஞ்சுகிறது. இடைநிற்றலின் முன்னறிகுறிகள் அக்குறிக்குள் மறைந்துவிடுகின்றன.

பெற்றோர் பொய்யுரைக்கின்றனர் என்பது இதன் பொருளன்று. ஏற்கத்தக்க காரணம் இது, தகாதது இது எனப் பள்ளி சொல்லாமல் உணர்த்திய எல்லைக்குள் அவர்கள் எழுதுகின்றனர். உள்ளதைச் சொன்னால் குழந்தை கண்டிக்கப்படும் என்ற ஐயம் நீங்கும் வரை இவ்வாய்பாடு மாறாது. அவ்வையத்தை நீக்கும் தொடர் ஆண்டுத் தொடக்கக் கடிதத்திலேயே இடம்பெற வேண்டும்.

‘பெற்றோரை அழைத்து வா’

தமிழ்நாட்டு வகுப்பறைகளில் நன்கு அறியப்பட்ட ஏவல் தொடர் இது. இலக்கண நோக்கில் இதில் குறையில்லை. முன்னிலை தெளிவாக உள்ளது. ஆயினும் இத்தொடர் குழந்தையின் காதில் தண்டனையாகவே ஒலிக்கிறது. பெற்றோர் பள்ளிக்கு அழைக்கப்பட்டார் என்றால் ஏதோ குற்றம் நேர்ந்தது என அண்டை வீட்டாரும் அறிவர். ஒரு நாள் கூலியை இழந்து வந்து, பிறர் முன்னிலையில் பிள்ளையின் குறையைக் கேட்டுச் செல்லும் தந்தை, அடுத்தமுறை வருவதற்குத் தயங்குவார். வீட்டில் பிள்ளையை அடிக்கவும் கூடும். பள்ளியில் சட்டத்தால் விலக்கப்பட்ட தண்டனை இவ்வழியில் வீட்டுக்கு இடம்பெயர்கிறது.

குறை நேர்ந்தபின் தொடங்கும் தொடர்பு குறையைப் பற்றியதாகவே அமையும். எனவே முதல் உரையாடல் குறை எதுவும் நேரும் முன்னர் நிகழ்தல் வேண்டும். சேர்க்கை முடிந்த முதல் மாதத்தில், குழந்தையிடம் கண்ட ஒரு நல்லியல்பைச் சொல்வதற்காக மட்டும் வகுப்பாசிரியர் ஒருமுறை பேசினால், பின்னர்க் குறையைச் சொல்லும் நாளில் பெற்றோர் அதைப் பகையாகக் கொள்ளார்.

நடையும் வாயிலும்

சுற்றறிக்கையின் சொற்களும் பெற்றோரின் நாவழக்கும் ஒன்றல்ல. சமர்ப்பித்தல், கோரப்படுதல், ஒத்துழைப்பு நல்குதல் முதலிய சொற்கள் படித்தவர்க்குப் பழகியவை. முதல் தலைமுறையாகப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் வீட்டில், அச்சொற்களைப் படித்துக்காட்டுபவரும் பொருள் சொல்பவரும் குழந்தையே. தன் மீதான விதிகளுக்குத் தானே உரையாசிரியராகும் குழந்தை, தனக்கு வேண்டாதவற்றை விட்டுவிடுவது எளிது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதோ பேசுவோருக்கும், வடமாநிலங்களிலிருந்து வந்து பணிபுரிவோருக்கும் இவ்விடைவெளி மேலும் பெரிது. ஆங்கில வழிப் பிரிவுகளில் குறிப்பேடு ஆங்கிலத்தில் இருந்தால் கையொப்பம் முற்றிலும் சடங்காகிவிடுகிறது.

பெருந்தொற்றுக் காலத்திற்குப் பின் வாட்ஸ்அப் குழுக்கள் பல பள்ளிகளில் நிலைபெற்றுள்ளன. அவற்றில் எழுத்துச் செய்தியினும் குரல் பதிவு பயனுடையது. படிக்க இயலாதவரும் கேட்டறியலாம்; ஆசிரியர் பேச்சுத் தமிழில் சொல்லும்போது வினைமுதல் தானே வந்துவிடுகிறது. ‘கண்காணிக்கப்பட வேண்டும்’ என எவரும் பேசுவதில்லை. ‘நீங்க வெள்ளிக்கிழமை ஒருதடவ நோட்ட எடுத்துப் பாருங்கம்மா, மத்தத நான் பாத்துக்கறேன்’ என்றே பேசுவர். இத்தொடரில் பெற்றோர் கடமை, ஆசிரியர் கடமை, நாள் ஆகிய மூன்றும் உள்ளன. எழுத்துத் தமிழும் இம்மூன்றையும் இதே எளிமையோடு சொல்ல வல்லது என்பதைக் கீழ்வரும் மாதிரி காட்டும். வாட்ஸ்அப் குழுவுக்கு வரம்பும் உண்டு. ஒரு குழந்தையின் குறையோ மதிப்பெண்ணோ எல்லாப் பெற்றோரும் காணும் இடத்தில் பதியப்படலாகாது. வீட்டிலுள்ள ஒரே பேசி தந்தையோடு வேலைக்குச் சென்றுவிட்டால் தாய்க்குச் செய்தி இரவில்தான் சேரும்.

மாதிரிக் கடிதம்

மேற்கண்டவற்றைக் கருத்திற்கொண்டு, வகுப்பாசிரியர் ஒருவர் எழுதுவதாக அமைந்த மாதிரி வருமாறு:

“அன்புடையீர், வணக்கம். உங்கள் பிள்ளை இவ்வாண்டு எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறார். நான் அவருடைய வகுப்பாசிரியர். ஐந்து பாடங்களுக்கு ஐந்து ஆசிரியர்கள் வருவார்கள். எந்தப் பாடத்தைப் பற்றிக் கேட்பதானாலும் முதலில் என்னிடம் கேளுங்கள்.

பேருந்து பிந்தியதால் பிள்ளை தாமதமாக வந்தாலும் வகுப்பிற்குள் அமர வைப்போம். மூன்று நாள்கள் தொடர்ந்து தாமதமானால் நான் உங்களிடம் பேசுவேன்.

வீட்டுப்பாடத்தைப் பிள்ளையே செய்வார். நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை மாலையில் குறிப்பேட்டைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். செயல்பாடுகளுக்காகக் கடையில் எதையும் வாங்காதீர்கள். வீட்டில் இருப்பதைக் கொண்டு பிள்ளை செய்தால் போதும்.

பிள்ளை வராத நாளில் காரணத்தை உள்ளபடி சொல்லுங்கள். அதற்காகப் பிள்ளையை நாங்கள் கண்டிக்க மாட்டோம்.

எங்கள் பள்ளியில் எந்த ஆசிரியரும் உங்கள் பிள்ளையை அடிக்க மாட்டார். இழிவாகப் பேச மாட்டார். அப்படி நேர்ந்தால் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். 14417, 1098 ஆகிய எண்களிலும் நீங்கள் முறையிடலாம்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மாலை 5 மணி முதல் 6 மணி வரை நான் வகுப்பறையில் இருப்பேன். அழைப்பு இல்லாமலும் நீங்கள் வரலாம்.”

இக்கடிதத்தின் மறுபக்கத்தில் கையொப்பத்திற்கான கோடு மட்டும் இருத்தல் போதாது. வீட்டார் சொல்வதற்கும் இடம் வேண்டும். அதற்கு ஐந்து வினாக்கள் அமையும். பள்ளி விட்டு வந்தபின் பிள்ளையோடு வீட்டில் இருப்பவர் யார்? உங்களோடு பேச ஏற்ற நேரம் எது, அந்தப் பேசி யாருடையது? செய்தியை எழுத்தாக அனுப்பலாமா, குரலாக அனுப்பலாமா? இவ்வாண்டில் வேலைக்காகக் குடும்பம் வெளியூர் செல்லும் மாதங்கள் உண்டா? உங்கள் பிள்ளையைப் பற்றி நாங்கள் அறிந்திருக்க வேண்டியது என்ன? எழுத இயலாதவர் சொல்ல, ஆசிரியரோ பள்ளி மேலாண்மைக் குழுவின் பெற்றோர் உறுப்பினரோ எழுதிக்கொள்ளலாம்.

நான்காம் வினாவுக்கு வரும் விடையைக் கொண்டு, குழந்தை இடம்பெயரும் முன்னரே சான்றுகளை ஆயத்தம் செய்யவும், செல்லும் ஊரின் பள்ளிக்குத் தெரிவிக்கவும் இயலும். முதல் வினாவுக்குப் ‘பாட்டி’ என விடை வந்தால், குறிப்பேட்டில் எழுதிப் பயனில்லை என்பதும் குரல் பதிவே வேண்டும் என்பதும் தெளிவாகும்.

முடிவுரை

ஆறாம் வகுப்புத் தொடக்கத்தில் பள்ளி வீட்டுக்கு அனுப்பும் எழுத்து, வேண்டும், கூடாது, செய்யவும், செய்யப்படும் என்னும் வாய்பாடுகளைச் சார்ந்திருப்பதால் அதில் வினைமுதல் மறைகிறது. இடம் காட்டும் விகுதியற்ற வினைகளோடு எழுவாயும் நீங்கும்போது கடமை எவருக்கும் உரியதாகாமல் நிற்கிறது. நடைமுறையில் அது பெற்றோர் மீது மட்டும் இறங்குகிறது. கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியர்க்கும் பள்ளிக்கும் வகுத்த கடமைகள் பெற்றோருக்குத் தெரிவதில்லை. வீட்டிலிருந்து வரும் ஒரே எழுத்தாகிய விடுப்பு விண்ணப்பமும் வாய்பாட்டில் உறைந்துவிட்டதால், குழந்தையின் உண்மை நிலை பள்ளிக்குத் தெரிவதில்லை.

தன்மை, முன்னிலை வினைமுற்றுகளைக் கொண்டு எழுதுதல், பள்ளி தன்னால் இயலும் கடமைகளை மட்டும் வெளிப்படையாக ஏற்றல், காரணத்தை உள்ளபடி சொல்வதற்கு உறுதி தருதல், மறுமொழிக்கு இடம் விடுதல் ஆகிய நான்கும் இதற்குத் தீர்வாகலாம். இவற்றுக்குப் புதிய நிதியோ புதிய ஆணையோ தேவையில்லை. அடுத்த சூன் மாதத்தில் அச்சிடப்படும் தாளில் ‘எடுக்கப்படும்’ என்பது ‘நான் பேசுவேன்’ என்று மாறினால், அதைப் படித்துக்காட்டும் பதினொரு வயதுக் குழந்தைக்கும் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்க்கும் புதிய பள்ளியில் எவரிடம் செல்வது என்பது தெரிந்திருக்கும்.